இருட்டில் முளைக்க வைத்த தக்காளி

என் வீட்டுக்காரருக்கு வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சர்க்கரை. புண் ஆறவில்லை. அவ்வளவுதான் காரணம்.

பிளாஸ்டிக் கால் ஒன்று வந்தது. அளவெடுத்துச் செய்தது. இரண்டு தடவை போட்டார். வலிக்கிறது என்று கழற்றிக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். அப்புறம் தொடவில்லை. காலையில் கட்டிலிலிருந்து வீல்சேர். வீல்சேரில் டிவி முன்னால். சாயங்காலம் திரும்பவும் கட்டில். நாங்கள் இருப்பது கம்போங் மேடானில், பிளாட்டில் நான்காவது மாடி. லிஃப்ட் ஓடுகிற நாள் பாதி, ஓடாத நாள் பாதி. அவர் கீழே இறங்கியது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் நடக்கப் பழக்குகிற பெண் தமிழ்ப் பெண். ஆடி மாதம் போனபோது அவருடைய முட்டியைப் பிடித்து நீட்டிப் பார்த்தாள். முழுதாக நீளவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“ஆன்டி, முட்டி மடங்கியே இறுகிக்கிட்டு வருது. தீபாவளிக்குள்ள அங்கிள் கால போட்டு நிக்கணும். இல்லன்னா அப்புறம் நெனச்சாலும் போட முடியாது. கடைசி வரைக்கும் வீல்சேர்தான்.”

“சொல்லிப் பாத்துட்டேம்மா. கேக்க மாட்டேங்குறாரு.”

“சொல்லாதீங்க. ஏதாச்சும் வேலை குடுங்க. அங்கிளுக்கு என்னா பிடிக்கும்?”

நான் திரும்பி வீல்சேரில் இருந்தவரைப் பார்த்தேன்.

அவர் லோரி ஓட்டினவர். கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்கு வருவார். ராத்திரி ஓட்டம், பகலில் தூக்கம். நான் அப்போது கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட். நான் கிளம்பும்போது அவர் வருவார். வாசலில் பார்த்துக்கொள்வோம். இப்படியே முப்பது வருடம் போயிற்று. அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் நான் எதைச் சொல்ல? சில நாள் நசுங்கின தக்காளி ஒரு பை கொண்டுவருவார். ஒன்றை உப்புப் போட்டு அப்படியே தின்பார். அதுதான் நினைவுக்கு வந்தது.

“தக்காளி” என்றேன்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். “அப்ப தக்காளி போடுங்க ஆன்டி.”

அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மறுநாள் சமையல்கட்டில் ஒரு தக்காளியை நறுக்கி விதையை வழித்து எடுத்தேன். அவர் டிவி முன்னாலிருந்து திரும்பிப் பார்த்தார்.

“என்னா பண்றே?”

“விதை எடுக்குறேன்.”

“எதுக்கு?”

“போட.”

“எங்க? பாத்ரூம்லயா?”

“கீழ வேலியோரமா இடம் இருக்குல்ல. எல்லாரும் மொளகா, செரைப்புல்லு போட்டிருக்காங்க. முதல்ல நாத்து வேணும்.”

டிவி சத்தத்தைக் குறைத்தார்.

“அது மலைத் தக்காளி. குளிர்ல காய்க்கிறது. இங்க செடி வரும், பூவும் வரும். அப்புறம் பூவெல்லாம் கொட்டிடும். ராத்திரி இந்தப் புழுக்கத்துல அது பிஞ்சு பிடிக்காது.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“முப்பது வருஷம் தக்காளி ஏத்தினவன்டி நான்.”

“ஏத்தினீங்க. போட்டீங்களா?”

சத்தத்தைத் திரும்பக் கூட்டிவிட்டார். விளம்பரம் வந்தபோது, டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஸ்ரீ கெம்பாங்கான்ல சீனர் கடை ஒண்ணு இருக்கு. உரம், மருந்து விக்கிறவன். சாக்கு இறக்கியிருக்கேன் அங்க. சூடு தாங்குற விதை கேளு, குடுப்பான்.”

ஞாயிற்றுக்கிழமை போனேன். இரண்டு பஸ். கடைக்காரத் தவுக்கே வயதானவர். நான் கேட்டதும் கண்ணாடிப் பெட்டியிலிருந்து சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்து வைத்தார். “பானாஸ் போலே. ஹூஜான் தா போலே” என்றார். வெயில் தாங்குமாம், மழை தாங்காதாம். வருடக் கடைசி மழை இறங்குவதற்குள் நாற்று தடித்து நிற்க வேண்டும், இப்போதே போடு என்று கையால் உயரம் காட்டினார். பொட்டலத்தில் நாற்பது விதைக்கு மேல் இருக்காது.

விதை முளைக்க வைக்க எனக்குத் தெரியாது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. எங்கள் பிளாட்டுக்குப் பக்கத்து மாரியம்மன் கோயிலில் ஆடித் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுகிற பெண்களில் நானும் ஒருத்தி. மண்ணும் காய்ந்த சாணமும் சட்டியில் பரப்பி, நவதானியத்தைத் தூவி, இருட்டறையில் வைப்போம். வெளிச்சம் படக்கூடாது. ஆண்கள் எட்டிப் பார்க்கக்கூடாது. காலையும் மாலையும் குளித்துவிட்டுப் போய்த் தண்ணீர் தெளிப்போம். ஒன்பதாம் நாள் வெளியே எடுத்தால் முழ உயரத்துக்கு வெளிர்மஞ்சளாக நிற்கும். உயரமாகவும் மஞ்சளாகவும் வந்தால் பேர். என் சட்டிதான் எப்போதும் முன்வரிசையில் போகும்.

தக்காளியையும் ஒரு தட்டில் அப்படியே போட்டேன். பொட்டலத்தில் பாதி. அரிசி டின் வைக்கிற ஸ்டோர் அறையில் வைத்து, தட்டைச் சுற்றிப் பழைய வேட்டியைக் கட்டினேன். வேலைக்குப் போகுமுன் தெளித்தேன், வந்ததும் தெளித்தேன். அவர் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தால் கதவைச் சாத்தினேன்.

“உள்ள என்னா, ஆளை ஒளிச்சு வெச்சிருக்கியா?”

“நீங்க பாக்கக்கூடாது.”

“சரி, நல்ல ஆளாப் பாத்து வெச்சுக்க.”

ஒன்பதாம் நாள் வேட்டியை அவிழ்த்தேன். விரல் நீளம் வளர்ந்து நின்றன. வெள்ளையாக, நூல்போல. எனக்குத் திருப்தி. தட்டைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன்.

தட்டைக் கண்ணுக்குக் கிட்டே தூக்கிப் பார்த்தார்.

“இது என்னா? மீஹூன் சேமியாவா?”

“தக்காளி. முளைப்பாரி மாதிரி போட்டேன்.”

“முளைப்பாரியா?” அவர் என் முகத்தைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். “அப்ப நாளைக்கு மேளம் சொல்லிடு. தலையில தூக்கிக்கிட்டுப் போய் கிள்ளான் ஆத்துல கரைச்சிட்டு வந்திடு.”

அப்புறம் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். கால் எடுத்த பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்க் காரிடாரில் வெயிலில் வைத்தேன். மத்தியானத்துக்குள் எல்லாம் படுத்துவிட்டன. அடித்தண்டு கறுத்துத் தண்ணீராய்ப் போயிருந்தது. ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை.

முளைப்பாரி பிழைத்திருக்க வேண்டியதில்லை. பத்தாம் நாள் தண்ணீருக்குப் போய்விடும். தக்காளி பிழைக்க வேண்டும். இது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது அவர் மேசையடியில் இருந்தார். டிவி ஓடவில்லை. மெழுகுவத்தியில் ஸ்க்ரூடிரைவரைச் சுட்டு, குழி குழியான பிளாஸ்டிக் முட்டைத் தட்டின் அடியில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். வீடு முழுக்க பிளாஸ்டிக் வாடை.

“மலையில தோட்டக்காரன் சாணியெல்லாம் போட மாட்டான். தேங்கா நார்த்தூள்தான் போடுவான். சாயங்காலம் தண்ணி ஊத்த மாட்டான், காலையில மட்டும்தான். இங்க ராத்திரி ஈரம் காயாது. அழுகாம என்னா செய்யும்?”

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?”

“நீதான் கதவைச் சாத்திட்டியே.”

மீதி விதையை அவர்தான் போட்டார். ஒரு குழிக்கு ஒன்று. அவர் விரல் தடித்தது. பல்குத்தும் குச்சியை நனைத்து, அதன் நுனியில் விதையை ஒட்டி எடுத்து வைத்தார். ஐந்தாம் நாள் முளை தெரிந்தது. ராத்திரி தட்டை உள்ளே எடுத்து மேசையில் வைத்து, மேசை ஃபேனை மெதுவாக ஓடவிட்டார். காற்று பட்டால் அழுகாதாம், தண்டும் தடிக்குமாம். வீட்டில் இருந்தது ஒரே ஒரு மேசை ஃபேன்.

“எனக்கு வேர்க்குது” என்றேன்.

“நீ என்னா, நாத்தா?”

வெளிச்சம்தான் தொல்லை. எங்கள் வீட்டு ஜன்னலுக்கு எதிரே அடுத்த பிளாக். காரிடாரில் காலை வெயில் வரும். ஆனால் கைப்பிடிச்சுவர் என் நெஞ்சு உயரம். வெயில் அதன் தலையில்தான் படும், கீழே நிழல். முதலில் தட்டை ஸ்டூலில் வைத்தார், வீல்சேரிலிருந்து எட்டுகிற மாதிரி. இரண்டு நாளில் நாற்று சுவர்ப்பக்கம் எட்டிப் பார்த்துச் சாய்ந்தது.

“சுவர் மேலதான் வைக்கணும்” என்றார்.

நான்காவது மாடி. கீழே பிள்ளைகள் விளையாடுகிற இடம். பிளாட் கமிட்டிக்காரர் வந்து பார்த்துவிட்டு, கட்டித்தான் வைக்க வேண்டும் என்று சொல்லிப் போனார். பிளாஸ்டிக் ராஃபியா கயிற்றால் இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டேன். காலையில் நான் கட்டுவேன். மழை வருவதற்குள் பக்கத்து வீட்டு மக்சிக் அவிழ்த்து உள்ளே கொடுப்பார். மலாய்க்காரம்மா, தனியாக இருப்பவர். அந்த மாதம் மழை சொல்லிவைத்த மாதிரி மூன்று மணிக்கு வந்தது. தொழிற்சாலையை விட்ட பிறகு எனக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் ஆபீஸில் கிளீனிங் வேலை, அந்த நேரம் அங்கே இருப்பேன்.

இரண்டு வாரம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு மக்சிக்கின் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. அவர் கிள்ளானுக்குப் போய்விட்டார்.

“மழை வந்தா என்னா செய்வீங்க?” என்று கேட்டேன்.

“நனையட்டும் லா. ஊருல இருக்கிற செடியெல்லாம் குடை பிடிச்சா நிக்குது?”

சரி என்று விட்டுவிட்டேன். வீல்சேரில் உட்கார்ந்து அந்த முடிச்சு எட்டாது. கைக்கோல் ஊன்றி ஒற்றைக் காலில் நிற்கலாம், சுவரில் சாய்ந்து முடிச்சையும் அவிழ்க்கலாம். ஆனால் தட்டைத் தூக்க இரண்டு கை வேண்டும். தூக்கினால் கைக்கோல் இல்லை. அவர் பிளாஸ்டிக் காலை மாட்டட்டும் என்று நான்தான் இப்படித் திட்டம் போட்டு வைத்தேன் என்று மக்சிக் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னார். இல்லை. அந்த அளவுக்கு எனக்கு யோசனை கிடையாது.

மூன்று நாள் மழை இல்லை. நான்காம் நாள் வேலை முடிந்து பிரிக்ஃபீல்ட்ஸில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் வானம் கறுத்தது. வீட்டுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. பஸ் வந்தது. ரோடெல்லாம் தண்ணீர், வண்டி நகரவில்லை. நாற்றைப் பற்றி நான் நினைக்கவில்லை. போனை ஏன் எடுக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

பிளாட்டுக்கு வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. ஏறினேன்.

காரிடாரில் அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கால் இரண்டும் நீட்டியிருந்தன. ஒன்று பிளாஸ்டிக். பக்கத்தில் தட்டு கவிழ்ந்து கிடந்தது. நார்த்தூளைக் கையால் கிளறி, நாற்றை ஒவ்வொன்றாக எடுத்து, தண்டைத் தொடாமல் இலையைப் பிடித்து, குழியில் நட்டுக்கொண்டிருந்தார். கடைசி வீட்டுப் பெண் குடையோடு நின்றாள்.

“தூக்கவே விட மாட்டேங்குறாரு அக்கா. நாலு பேரைக் கூப்பிடுறேன்னா திட்டுறாரு.”

“ஏன் விடல?” என்று அவரைக் கேட்டேன்.

“இவங்க தூக்குனா நாத்தை மிதிப்பாங்க.”

“எத்தனை அடி நடந்தீங்க?”

“ரெண்டு. மூணாவது வழுக்கிடுச்சி.”

“கால்ல சாக்ஸ் போடலையா?” பிளாஸ்டிக் கால் மாட்டுமுன் வெட்டின இடத்துக்குத் தடித்த சாக்ஸ் ஒன்று போட வேண்டும்.

“மழை, இரு நான் சாக்ஸ் தேடுறேன்னா நிக்குமா?”

உள்ளே கொண்டுபோய்க் காலைக் கழற்றிப் பார்த்தேன். தோல் உரிந்திருந்தது. ஐம்பது காசு அளவு. அடியில் சிவப்பு. போன தடவையும் இப்படித்தான் தொடங்கியது, செருப்புக் கடித்த புண். அதுதான் காலை வாங்கியது. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மருந்துத் தண்ணீரில் துடைத்தேன்.

மறுநாள் லீவு போட்டுக் கிளினிக்குக் கூட்டிப் போனேன். தினம் கட்டு மாற்ற வேண்டும், ஆறுகிற வரைக்கும் காலை மாட்டக்கூடாது என்றார்கள். எத்தனை நாள் என்று அவர் கேட்டார். புண்ணைப் பொறுத்தது என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் கேலண்டரைப் பார்த்தார். தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது.

அந்த நாட்கள் நீளமாக இருந்தன. சாப்பாட்டில் சர்க்கரை கூடாமல் பார்த்தேன். அவரும் ஒளித்துத் தின்னவில்லை. தினமும் கட்டைப் பிரிக்கும்போது என் முகத்தைத்தான் பார்ப்பார், புண்ணைப் பார்க்க மாட்டார். மிஞ்சின நாற்று ஒன்பது. காகிதக் கப்பில் மாற்றி ஜன்னலில் வைத்தோம். வெளிச்சம் போதாமல் மூன்று செத்தன. அவர் கட்டிலில் குப்புறப் படுத்து முட்டியை நீட்டி நீட்டி மடக்கினார். ஆஸ்பத்திரிப் பெண் சொல்லிக் கொடுத்தது. நான் சொல்லி அவர் செய்யவில்லை.

பதினோராம் நாள் புண் மூடியது. கிளினிக்கில் சரி என்றார்கள். மறுநாள் காலை நான் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அந்த சாக்ஸ் எங்க?”

எடுத்துக் கொடுத்தேன். சுருக்கம் இல்லாமல் இழுத்து மாட்டினார். காலைப் போட்டார். சுவரைப் பிடித்து எழுந்தார். வாசல்வரை போக எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. தேநீர் ஆறிப்போயிற்று. வாசலில் நின்றுகொண்டு, “கப்பை ஒண்ணொண்ணா எடுத்துக் குடு” என்றார். ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகச் சுவர்மேல் வரிசையாக வைத்தார். கயிறு கட்டும்போது இரண்டு கையும் கயிற்றில்தான் இருந்தன, கைக்கோலில் இல்லை.

அன்றிலிருந்து காலையில் வைப்பதும் இரண்டரை மணிக்கு எடுப்பதும் அவர் வேலை. ஆறு கப், ஒரு நடைக்கு ஒன்று. வைக்க ஆறு நடை, எடுக்க ஆறு நடை. தட்டில் வைத்து ஒரேயடியாகத் தூக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். சில நாள் வலியில் முகம் சுருங்கும். சில நாள் என்மேல் எரிந்து விழுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் பிளாஸ்டிக் காலைத் தொடவில்லை. அன்றைக்கு நான் வைத்தேன், நானே எடுத்தேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது நாற்று ஒரு சாண் உயரம். தண்டு தடித்து, ஊதா படிந்து, மயிர் மயிராக இருந்தது. இனிமேல் கப்பில் தாங்காது. அன்று லிஃப்ட் ஓடியது. வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அவர் ஏறவில்லை. வேலியோரத்துக்குப் போக வாய்க்கால் தாண்ட வேண்டும், பலகைமேல் சக்கரம் போகாது என்றார். கைக்கோல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். கப்புகளை நான் வாளியில் வைத்துத் தூக்கினேன்.

மக்சிக் கிள்ளானிலிருந்து திரும்பியிருந்தார். வாசனைக்குக் குழம்பில் போடுகிற செரைப்புல்லை வெட்டிக்கொண்டிருந்தவர் இவரைப் பார்த்ததும் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, கீழிருந்து மேல்வரை இரண்டு தடவை பார்த்தார். அப்புறம் இரண்டு பேருக்கும் சண்டை தொடங்கிவிட்டது. மேடு போடாமல் நட்டால் மழைத் தண்ணீர் நின்று வேர் அழுகும் என்று என் வீட்டுக்காரர். மேடு போட்டால் மண் கரைந்து ஓடும் என்று மக்சிக். மலாயில் இரண்டு பேரும் கத்தினார்கள். நான் மேடு போட்டேன். ஆறையும் நட்டேன். குச்சி ஊன்றிக் கட்டினோம்.

ஆறும் நிற்காது என்று இவர் சொன்னார். இந்த மண்ணில் ஒரு நோய் உண்டாம். காலையில் பச்சையாக இருக்கிற செடி சாயங்காலம் அப்படியே தொங்கிவிடுமாம். பாதி நின்றாலே பெரிதாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் எதுவும் இல்லை.

மணி பன்னிரண்டைத் தாண்டியது. அவர் மாத்திரைக்கு முன்னால் சாப்பிட வேண்டும்.

“வாங்க, போலாம்.”

“நீ போ. தண்ணி ஊத்திட்டு வரேன்.”

“நான் ஊத்துறேன்.”

“நீ ஊத்துனா முளைப்பாரிக்குத் தெளிக்கிற மாதிரி தெளிப்பே. போ லா.”

மக்சிக் என்னைப் பார்த்துப் ‘போ’ என்று கண்ணைக் காட்டினார். நான் மேலே வந்தேன். சோற்றுப் பானையை அடுப்பில் வைத்துவிட்டு, காரிடாரில் வந்து கைப்பிடிச்சுவரில் சாய்ந்து கீழே பார்த்தேன்.

தண்ணீர்க் குழாய் வேலியிலிருந்து பதினைந்து இருபது அடி தள்ளி இருக்கிறது. அவர் காலி டின்னை ஒரு கையில் வைத்துக்கொண்டு அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். கைக்கோல் வேலியில் சாத்தியிருந்தது. மக்சிக் செரைப் பக்கம் திரும்பிக் குனிந்திருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. ஓர் அடி வைப்பார், நிற்பார், இடுப்பை நேர்செய்வார், அடுத்த அடி. குழாயில் டின்னைப் பிடித்தார். பாதிதான் பிடித்தார், முழு டின் பாரம் என்று கணக்குப் போட்டிருப்பார். திரும்பினார். தண்ணீர் கொஞ்சம் சிந்தியது. நின்று பார்த்துவிட்டு நடந்தார்.

நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நிமிர்ந்து பார்ப்பார், கால் தடுமாறும்.

ஆறு செடிக்கும் ஊற்ற அவருக்கு நாலு நடை ஆனது. சோறு கொதிக்கிற சத்தம் கேட்டது. உள்ளே போய் அடுப்பைக் குறைத்தேன்.